நாலாவது பொட்டலம்

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூரில் வசிக்கிறேன். எங்கள் சர்ச்சின் இளைஞர் குழு ஒவ்வொரு டிசம்பர் 25 மதியமும் சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, பிராட்வே பக்கம் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும். போன வருடம் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் வந்தாள். அவள் நீட்டிய பொட்டலத்தை ஒரு அம்மா வாங்கவில்லை. "இது நாலாவது பாப்பா, வச்சிக்கினு இன்னா பண்றது? தார்பாய் இருந்தா குடு" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. என் கணவரோ, "இதெல்லாம் நம்ம மனத் திருப்திக்குச் செய்வது. அந்தப் பணத்தை ஏதாவது இல்லத்துக்கு அனுப்பிவிடு" என்கிறார். இந்த வருடம் போவதா வேண்டாமா? இப்படிச் சின்னச் சின்னதாகக் கொடுப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? பெயர் வேண்டாம்.

(பெரம்பூர் வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். பொட்டலம் இல்லாமல் போங்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஆகச் சிறந்த வரி அந்த அம்மாவுடையது. "வச்சிக்கினு இன்னா பண்றது?" உங்கள் மகள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருப்பாள், பாவம். எனக்கு அதே பாடத்தைக் கற்றுக்கொள்ள நாற்பது கம்பளி செலவானது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மார்கழிப் பனியில் ஜனங்கள் நடுங்குவார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்து, நண்பர்கள் சேர்ந்து கம்பளி வாங்கினோம். மெட்ராசுக்கு எதற்கு சார் கம்பளி என்று கடைக்காரரே கேட்டார். கேட்டோமா? ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் போய், தூங்குகிறவர்களை எழுப்பாமல் போர்த்திவிட்டு வந்தோம். ஒருவர் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "பொணம்னு நெனச்சி மூடுறியா?" என்று கேட்டவர், அதற்கு முன்னும் பின்னும் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நாலு நாள் கழித்து அதே கம்பளி, சீட்டு கூடக் கிழிக்காமல், நடைபாதையில் பழைய துணி விற்பவரிடம் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக அன்று ராத்திரி அலறி எழுந்த ஆளைத் தேடிப் போனேன். பாரிமுனையில் மூட்டை தூக்குபவர். நிதானமாகச் சொன்னார்: "காலைல கடைக்காரர் ஷட்டரத் தூக்கறதுக்குள்ள எந்திரிச்சி எடத்தக் கூட்டிக் குடுத்துடணும். இத்தாம்பெரிய கம்பளியத் தோள்ல போட்டுக்கினு மூட்டை தூக்க முடியுமா? வச்சிட்டுப் போனா குப்பை வண்டில போயிடும். நாப்பது ரூபா வந்திச்சி, சாப்ட்டேன்."

வீடு இல்லாதவர் என்றால் படுக்க இடம் இல்லாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பொருளை வைக்க இடம் இல்லாதவர் என்பது உறைத்தது அன்றைக்குத்தான். அடுத்த முறை வால்டாக்ஸ் ரோட்டில் நடக்கும்போது கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மரக்கிளைக் கவட்டையில் ஒரு துணி மூட்டை, ட்ரான்ஸ்பார்மர் வேலிக்குப் பின்னால் ஒரு பக்கெட், காம்பவுண்ட் சுவர் ஆணியில் ஒரு ஸ்கூல் பை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பகுதிகளில் குடும்பம் நடத்துபவர்களுக்கு அதுதான் பீரோ. ஆதார், ரேஷன் கார்டு, குழந்தையின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். துப்புரவு லாரி வந்தாலோ மழை வந்தாலோ முதலில் தொலைவது அந்தக் கவர்தான்.

அதனால் இப்போது என் கணக்கு எளிது. அங்கேயே தீர்ந்துபோக வேண்டும், இல்லை உடம்பில் கட்டிக்கொள்ள முடிய வேண்டும், இல்லை மடித்து இடுக்கில் செருக முடிய வேண்டும். தார்பாய் கடைசி வகை. டிசம்பரில் நமக்கு மழை முடிந்த மாதிரி இருக்கும், முடிந்திருக்காது. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் ஆரம்பத்தில்தான் ஊரை முக்கி எடுத்தது. ஆறடிக்கு ஒன்பதடித் தார்பாயைச் சுவரிலிருந்து இழுத்துக் கட்டினால் ஒரு குடும்பத்துக்குக் கூரை. அந்த அம்மா விவரமானவர்.

சோறு வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் 25-ஆம் தேதி மதியம் அந்தத் தெருவில் நாய்க்குக்கூடப் பிரியாணி அலுத்திருக்கும். மற்ற நாளுக்கு 2013-லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாயில் காலைப் பசி ஓரளவு அடங்கும். கட்டணக் கழிப்பறையில் ஒரு குளியலுக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் கேட்பார்கள். வயதுக்கு வந்த இரண்டு பெண்களை வைத்திருக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் இப்போது சட்டைப்பையில் பத்து ரூபாய் நாணயங்கள் வைத்துக்கொள்கிறேன். "குளிக்க வச்சுக்கோங்க" என்று கொடுத்தால் யாரும் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை. நாப்கின் போன்றவற்றை நான் கேட்க முடியாது, உங்கள் மகள் கேட்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. மாநகராட்சிக் காப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷன் ஓரிடம் பெண்டாட்டி ஓரிடம் என்று பிரிந்து படுக்கக் குடும்பக்காரர்கள் சம்மதிப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ வாங்கப் போகிறவர் தொழில் இருக்கும் இடத்தில்தான் படுப்பார். இல்லத்துக்குப் பணம் அனுப்பட்டும், நல்லதுதான். அது இவர்களிடம் வந்து சேராது, அவ்வளவுதான். மனநலம் பாதித்துத் தனியாகத் திரிகிறவர் கண்ணில் பட்டால் மட்டும் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட பெண்களுக்காகவே 1993-லிருந்து 'தி பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. தெருவில் ஆதரவில்லாமல் இருப்பவர்களை மீட்கும் சென்னைக் காவல்துறையின் 'காவல் கரங்கள்' 2021-லிருந்து இருக்கிறது. ஒரு போன் போடுங்கள்.

(சத்திரத்தில் இடம் இல்லாமல் இயேசு குடிலில் பிறந்த உவமையெல்லாம் நான் எடுக்கப் போவதில்லை. அதை உங்கள் பங்குத்தந்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்.)

நான் பார்த்ததிலேயே பெரிய தர்மம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நடந்தது. வாசலில் பூக்கட்டும் அம்மாவின் ஆதாரையும் ரேஷன் கார்டையும் கடைக்காரர் ஏதோ ஒரு சும்மா இருந்த மத்தியானத்தில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் 'பூக்காரம்மா' என்று போட்டுவைத்திருந்தார். 2023 வெள்ளத்தில் அந்த அம்மாவின் கவர் போய்விட்டது. அழுதுகொண்டு வந்தவருக்கு இரண்டு நிமிஷத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். அந்த நம்பரை வைத்துப் புதுக் கார்டு வாங்கினார்கள். "நீங்க செஞ்சது பெரிய விஷயம்" என்றேன். "ரெண்டு ரூபா ஜெராக்ஸ் சார்" என்றார்.

சரி, உங்கள் விஷயம். 25 வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, போட்டோ எடுக்கப் போனை வெளியே எடுக்காமல், அந்த அம்மாவைத் தேடிப் போய் எந்த அளவில் தார்பாய் வேண்டும் என்று கேளுங்கள். வாங்கும்போது கயிறும் பத்து மீட்டர் சேர்த்து வாங்குங்கள். கயிறு இல்லாமல் தார்பாயைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தவனும் நான்தான்.