ஆபரேஷனுக்கு அப்புறம் எடை திரும்ப ஏறுதா? வாசகர் கேள்வி, பதில்

எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கிட்ட இருந்து இந்த தடவை நிறைய கடிதம் வந்திருக்கு. கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரே கவலைதான், முதல் வருஷம் ஒழுங்கா போயிட்டிருந்த சாப்பாடு எப்படியோ கைவிட்டுப் போயிடுச்சு, திரும்ப எப்படி பிடிக்கிறதுன்னு. அதனால இந்த இதழ் முழுக்க இதையே பேசிடலாம். பேர் போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, போடல. கடிதங்கள்ல ரெண்டு ஆபரேஷன் பேரு வரும்: ஸ்லீவ்னா வயிறோட பெரும்பகுதியை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை குழாய் மாதிரி விடுறது, பைபாஸ்னா இங்க ஹார்ட் பைபாஸ் இல்ல, வயித்துல சின்னப் பை ஒண்ணு பண்ணி அதை நேரா சிறுகுடலோட இணைக்கிறது.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. மூணு வருஷம் முன்னாடி ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணேன். 112 கிலோ இருந்தவ ஒன்றரை வருஷத்துல 71க்கு வந்துட்டேன். இப்ப 80. தட்டுல போட்டு சாப்பிட்டா இன்னமும் கொஞ்சம்தான் உள்ள போகுது, அப்புறம் எப்படி ஏறுதுன்னே புரியல. வயிறு பழையபடி விரிஞ்சிடுச்சா? டாக்டரைப் பாக்கவே வெக்கமா இருக்கு, செக்கப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

பதில்: முதல்ல கணக்கைப் பாருங்க. 41 கிலோ குறைச்சீங்க, 9 ஏறியிருக்கு, இன்னும் 32 கிலோ குறைஞ்சுதான் இருக்கீங்க. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு பல வருஷமா நடந்த பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல பைபாஸ் பண்ணிக்கிட்டவங்களுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல சராசரியா 32 சதவீதம் எடை குறைஞ்சுது, பத்து வருஷம் கழிச்சுப் பாத்தப்போ அது 25 சதவீதமா இருந்துச்சு. அதாவது கீழ போய் கொஞ்சம் மேல வர்றது இந்த ஆபரேஷனோட வழக்கம்தான், உங்களுக்கு மட்டும் நடந்த தப்பு கிடையாது. அதுக்காக விட்டுடலாம்னு சொல்லல, 9 கிலோல பிடிக்கிறது 25 கிலோல பிடிக்கிறதை விட ரொம்ப சுலபம், இப்பவே எழுதினது நல்லதாப் போச்சு.

வயிறு விரிஞ்சிடுச்சான்னு கேட்டீங்க இல்ல, விடை உங்க கடிதத்துலயே இருக்கு. தட்டுல போட்டு சாப்பிட்டா கொஞ்சம்தான் போகுதுன்னு நீங்களே சொல்றீங்க. ஸ்லீவ்ல வயிறோட முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கிற குழாய் வருஷம் போகப் போக கொஞ்சம் தளர்றது உண்மைதான், ஆனா அது இன்னமும் தன் வேலையை செஞ்சிட்டுத்தான் இருக்கு. ஏறுறது தட்டுக்கு வெளிய சாப்பிடுறதுலதான். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், சாக்லேட் இதெல்லாம் வாயிலயே கரைஞ்சு கூழாயிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே தெரியாம வழுக்கிட்டு இறங்கிடும், கூட டீ குடிச்சா இன்னும் வேகம். ஒரு சின்ன ஸ்வீட் பிஸ்கட் 40, 50 கலோரி, ஆறு பிஸ்கட்டை டீயில நனைச்சு சாப்பிட்டா 300 கிட்ட போயிடுச்சு, அரை மணி நேரத்துல திரும்ப எதையாவது கை தேடும். அதே இடத்துல ரெண்டு அவிச்ச முட்டை வச்சுப் பாருங்க, மொத்தமே 150 கலோரிதான், 12 கிராம் புரதம், ரெண்டாவது முட்டையை முடிக்கிறதுக்குள்ள வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். உங்க ஆபரேஷன் இன்னும் வேலை செய்யுதான்னு பாக்கணும்னா இதுதான் டெஸ்ட்டு.

இன்னொண்ணு, முதல் வருஷம் பசின்னாலே என்னன்னு தெரியாம இருந்திருப்பீங்க. பசியைத் தூண்டுற க்ரெலின்ங்கிற ஹார்மோன் அதிகமா சுரக்கிற பகுதியே ஸ்லீவ்ல போயிடுது, அதனால அப்படி. ரெண்டாவது வருஷத்துக்கு மேல மெல்ல பசி திரும்ப வரும். அதைப் பாத்து ஐயோ எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேரு பயந்துடுறாங்க. பசிக்கிறது சாதாரண விஷயம், அதுக்கு நேரத்துக்கு கெட்டியான சாப்பாடு கொடுக்காம விட்டாதான் நாள் பூரா கொறிக்கிறதுல போய் முடியும்.

சரி எங்க இருந்து ஆரம்பிக்கிறது? முதல் மூணு நாள் எதையும் மாத்தாதீங்க, என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, அப்ப பசிச்சுதா இல்ல போரடிச்சுதா, இதை மட்டும் எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம். எழுதினாலே எந்த நேரத்துல வழுக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்ச அப்புறமும்தான் இருக்கும். அடுத்த வாரம் ஒரே ஒரு விதி, சாப்பிடும்போது தண்ணி, டீ, ஜூஸ் எதுவும் கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் குடிக்கணும். தண்ணியைக் குறைக்கச் சொல்லல, ஒரு நாளைக்கு குறைஞ்சது ஒன்றரை லிட்டர் வேணும், ஆனா ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா.

அதுக்கு அடுத்ததா புரதம். ஒரு நாளைக்கு 60ல இருந்து 80 கிராம்னு உங்களுக்கு ஆபரேஷன் சமயத்துலயே சொல்லியிருப்பாங்க, இப்ப எவ்வளவு போகுதுன்னு கூட்டிப் பாருங்க, பாதி கூட வராது. ஒரு முட்டை 6 கிராம், சமைச்ச கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்ல 30 கிட்ட, மீன் 20க்கு மேல, வேக வச்ச பருப்பு 100 கிராம்ல 9, ஒரு டம்ளர் பால் 6, 7. தட்டுல முதல் வாய் புரதமா இருக்கட்டும், அப்புறம் காய், இடம் இருந்தா மட்டும் சோறோ ரொட்டியோ. மூணு வேளை சாப்பாடு, நடுவுல பசிச்சா முன்னாடியே முடிவு பண்ணி வச்ச ஒரு சிற்றுண்டி, அவ்வளவுதான் நேரம், மத்த நேரம் சமையலறை மூடியாச்சுன்னு வச்சுக்கோங்க.

சாப்பிடுற வேகத்தையும் பாருங்க. சின்ன சின்ன வாயா, நல்லா மென்னு, ஒரு வாய் உள்ள போன அப்புறம்தான் அடுத்த வாய் எடுக்கணும், 20, 30 நிமிஷம் ஆகட்டும். போதும்னு சொல்றதுக்கு உங்க உடம்புக்கு ஒரு பாஷை இருக்கு, சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்குல தண்ணி வழியும், தும்மல் வரும், நெஞ்செலும்புக்குக் கீழ லேசா அழுத்தும். முதல் வருஷம் இதெல்லாம் கவனிச்சிருப்பீங்க, இப்ப போனைப் பாத்துக்கிட்டே சாப்பிடுறதுல தெரியாமப் போயிடுது. போனை வேற ரூம்ல வச்சிட்டு ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்க, அந்த சிக்னல் திரும்ப கேக்கும். அது வந்ததும் நிறுத்திடுங்க, ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் பரவாயில்ல.

வெக்கத்தைப் பத்தி சொல்றேன். நீங்க செக்கப் போகாததுதான் எனக்கு 9 கிலோவை விட பெரிய கவலையா படுது. எடை ஏற சாப்பாடு மட்டும் காரணமா இருக்காது, தைராய்டு இருக்கலாம், ஸ்டீராய்டு, இன்சுலின், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எடையை ஏத்தும், இதெல்லாம் அங்க போனாதான் தெரியும். எடை திரும்ப ஏறினவங்களுக்குக் கொடுக்கிற மருந்துகளும் இப்ப இருக்கு, உங்களுக்கு ஒத்து வருமான்னு டாக்டர்தான் பாத்து சொல்லணும். சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியலை, ஒளிச்சு சாப்பிடுறேன்னு எல்லாம் இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, அதுக்கு கவுன்சிலிங்ல நல்ல உதவி கிடைக்கும். எடை ஏறின பேஷண்ட்டை அவங்க தினமும் பாக்கிறாங்க, நீங்க புதுசு இல்ல. இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடுங்கம்மா.

கேள்வி: மேடம், அஞ்சு நாள் வெறும் திரவ உணவு மட்டும் சாப்பிட்டா வயிறு மறுபடி சுருங்கிடும்னு ஒரு வீடியோல பாத்தேன். பைபாஸ் பண்ணி நாலு வருஷம் ஆச்சு, ட்ரை பண்ணலாமா?

பதில்: வேணாம் தம்பி. அஞ்சு நாள்ல இல்ல, அம்பது நாள் திரவமா குடிச்சாலும் வயிறோட அளவு சுருங்காது. ரெண்டு மூணு கிலோ இறங்கின மாதிரி மெஷின்ல காட்டும், அதுல பெரும்பங்கு தண்ணி, ஆறாவது நாள் கெட்டியான சாப்பாட்டுக்கு வந்ததும் திரும்ப ஏறிடும். ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல திரவ உணவு கொடுத்தது தையல் போட்ட இடம் ஆறுறதுக்கு, இப்ப உங்களுக்கு ஆற வேண்டிய புண்ணு எதுவும் இல்ல. அதோட திரவம் அந்தச் சின்னப் பையில தங்கவே தங்காது, நேரா இறங்கிடும், நீங்க அஞ்சு நாளும் பசியோடயே இருப்பீங்க, முடிஞ்ச கையோட வெறி வந்த மாதிரி சாப்பிடத் தோணும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களா இருந்தா இது ஆபத்தும் கூட, சுகர் திடீர்னு இறங்கிடும்.

எதையாவது அஞ்சு நாள் செய்யணும்னு மனசு துடிக்குதுன்னா, அஞ்சு நாளும் காலை சாப்பாட்டை ரெண்டு முட்டை இல்லன்னா கெட்டித் தயிரும் கொஞ்சம் பருப்பு வகையும்னு வச்சுக்கோங்க. பதினோரு மணி பசி எப்படி மாறுதுன்னு பாருங்க.

கேள்வி: எனக்கு பைபாஸ் பண்ணி ரெண்டு வருஷம். கொஞ்ச நாளா ஸ்வீட் சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேர்க்குது, வயித்தைக் கலக்குது. சில நாள் ரெண்டு மணி நேரம் கழிச்சு கை நடுங்கி மயக்கமா வருது. ஹார்ட் ப்ராப்ளமா இருக்குமோ?

பதில்: நீங்க சொல்றதைப் பாத்தா டம்பிங்னு சொல்ற பிரச்சனை மாதிரி இருக்கு, ஆனா படபடப்பு, மயக்கம்னு இருக்கிறதால டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க, எழுத்துல படிச்சு நான் சொல்றதை வச்சு விட்டுடாதீங்க.

இதுல ரெண்டு வகை. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள வர்றது முதல் வகை, சர்க்கரை மொத்தமா சிறுகுடல்ல போய் விழுது, அதை நீர்க்க வைக்க உடம்பு ரத்தத்துல இருந்து தண்ணியை குடலுக்குள்ள இழுக்குது, அதனாலதான் படபடப்பும் வயித்துக் கலக்கமும். ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் கழிச்சு வர்ற நடுக்கம் வேற, சர்க்கரை சடார்னு ஏறினதுக்கு உடம்பு இன்சுலினை அள்ளி விட்டுடுது, ரத்தத்துல சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிடுது. அந்த நேரம் ஒரு க்ளூக்கோமீட்டர்ல பாத்து எண்ணை எழுதி வைங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும். நடுக்கம் வந்தா கொஞ்சம் க்ளூக்கோஸோ ஜூஸோ எடுத்துட்டு தெளிஞ்சதும் ஏதாவது புரதம் சாப்பிடணும். வெறும் ஸ்வீட்டை மட்டும் இன்னொரு ரவுண்டு சாப்பிட்டா அடுத்த ரெண்டு மணி நேரத்துல அதே கதைதான். அந்த நிலைமையில வண்டி ஓட்டவே கூடாது. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

தடுக்கிறதுக்கு வழி, ஸ்வீட், கூல்டிரிங்க்ஸ், ஜூஸ், வெள்ளை ரொட்டி இதையெல்லாம் தனியா வெறும் வயித்துல சாப்பிடாம இருக்கிறது, சாப்பாட்டோட தண்ணி குடிக்காம இருக்கிறது, ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கிற மாதிரி பாத்துக்கிறது. பெரும்பாலானவங்களுக்கு இதுலயே நல்லா குறைஞ்சிடும்.

கேள்வி: ஸ்லீவ் பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சு, உடம்பு நல்லாத்தான் இருக்கு. வைட்டமின் மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன். இப்ப சாப்பாட்டை சரி பண்ணலாம்னு இருக்கேன், நல்லா சாப்பிட்டா மாத்திரை தேவையில்லதானே?

பதில்: தேவை, ஆயுசு முழுக்க தேவை. எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் அந்தச் சின்ன வயித்துக்குள்ள போற அளவு கம்மி, பி12 உடம்புல சேர்றதுக்கு வேண்டிய அமிலமும் வயித்துல குறைஞ்சிருக்கும். உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றீங்க, கல்லீரல்ல பி12 வருஷக்கணக்குல சேமிச்சு வச்சிருக்கும், அது தீர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, தீர்ந்த அப்புறம் கால் மரத்துப் போறது, மறதி, ரத்தசோகைன்னு வரும், நரம்பு பாதிப்பு சில பேருக்கு முழுசா சரியாகாமலே போயிடும். இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன், எடை 5 கிலோ ஏறினா இறக்கிக்கலாம், நரம்பு போனா கஷ்டம்.

பொதுவா மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் இதெல்லாம் தொடரணும். கால்சியம் ஒரு நாளைக்கு 1200ல இருந்து 1500 மில்லிகிராம், ஆனா ஒரே தடவையா போட்டா உடம்பு எடுத்துக்காது, 500, 600ன்னு பிரிச்சுப் போடணும், சிட்ரேட் வகை நல்லது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, சேத்துப் போட்டா இரும்பு உடம்புல சரியா சேராது, டீ காபியோடயும் இரும்பு போடாதீங்க. உங்க அளவு என்னன்னு ரத்த டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் கட்டாயம்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து ஒண்ணு, தொடர்ந்து வாந்தி எடுத்துட்டு சாப்பாடே தங்கலைன்னா நாலு நாள் பாப்போம்னு இருக்காதீங்க. பி1 வைட்டமின் சில வாரத்துலயே தீர்ந்துடும், தீர்ந்தா நடை தடுமாறும், பார்வை ரெண்டு ரெண்டா தெரியும், மூளையே பாதிக்கும். உடனே ஆஸ்பத்திரி போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: ஆபரேஷனுக்கு அப்புறம் எப்பவாவது பார்ட்டில ரெண்டு பெக் போடலாமா?

பதில்: முதல் வருஷம் வேண்டவே வேணாம். அதுக்கு அப்புறமும் ஜாக்கிரதை, பைபாஸ் பண்ணவங்களுக்கு ஒரு பெக்கே வேகமா ரத்தத்துல ஏறிடும், இறங்கவும் நேரம் ஆகும். 2012ல வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல, ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வருஷத்துல குடிப் பிரச்சனை இருந்தவங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததை விட அதிகமா இருந்தாங்க. குடியில கலோரியும் உண்டு, அதோட கொறிக்கிறதும் சேரும். எடையைத் திரும்பக் குறைக்கணும்னு நினைக்கிற காலத்துல விட்டுடுறதுதான் நல்லது.

கேள்வி: என் மனைவிக்கு ஸ்லீவ் பண்ணி ரெண்டரை வருஷம். எடை ஏறுதுன்னு தெரிஞ்சதுல இருந்து அவ சாப்பிடும்போதெல்லாம் நான் கவனிச்சு சொல்லிட்டே இருக்கேன். அவளுக்கு கோவம் வருது, எனக்கு முன்னாடி சாப்பிடுறதையே விட்டுட்டா. நான் எப்படி உதவுறது?

பதில்: சொல்றதை நிறுத்திடுங்க சார். அக்கறையில சொல்றீங்கன்னு எனக்குப் புரியுது, ஆனா உங்க முன்னாடி சாப்பிடாதவங்க வேற எங்கயாவது தனியா, அவசரமா, மென்னு கூட பாக்காம சாப்பிடுவாங்க. தட்டைப் பாக்கிறதை விட்டுட்டு வீட்டுக்குள்ள என்ன வருதுன்னு பாருங்க, சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் டின்னும் உங்களுக்காகத்தான் வாங்குறதா இருந்தா அதை வெளியிலயே சாப்பிட்டுட்டு வாங்க. முட்டை, மீன், பருப்பு, காய் எப்பவும் வீட்டுல இருக்கிற மாதிரி நீங்க பாத்துக்கலாம், வாரத்துல ரெண்டு நாள் நீங்களே சமைக்கலாம். ராத்திரி சாப்பிட்ட அப்புறம் ரெண்டு பேரும் சேந்து அரை மணி நேரம் நடங்க, அப்ப எடையைப் பத்தி பேச வேணாம். அடுத்த செக்கப்புக்கு கூட வரட்டுமான்னு ஒரு தடவை கேளுங்க, சரின்னா போங்க, உள்ள டாக்டர் கேக்கிற கேள்விக்கு அவங்களே பதில் சொல்லட்டும்.