எலும்பைப் படிக்க விரும்பும் மகளுக்கு எந்தப் பாதை?

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரம் முடித்த உங்கள் மகள் தடயவியல் மானுடவியல்தான், அதாவது எலும்புகளை வைத்து இறந்தவரை அடையாளம் காணும் துறைதான், படிப்பேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "செத்தவர்களின் எலும்போடு ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை, சம்பளம் யார் தருவார்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விகள். சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பெயரில் ஒரு பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலங்கையில் அரச வேலை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே மனித எச்சங்கள் கிடைத்தால் நீதவானின் உத்தரவில்தான் அகழ்வு நடக்கும். எலும்பை ஆராய்பவர் சட்ட வைத்திய அதிகாரி, மண்ணைப் படிப்படியாக அகழ்பவர் தொல்லியலாளர். மகள் முதலில் இந்த இருவரில் ஒருவராக வேண்டும். அப்போது ஊதியம் பற்றிய கவலை பெருமளவு தீர்ந்துவிடும். எலும்பு பற்றிய விசேட தேர்ச்சியை அந்த அடித்தளத்தின் மேல் கட்டலாம். 1984இல் அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ ஆர்ஜென்டினாவில் காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடப் பயிற்றுவித்த குழுவும் மருத்துவ, மானுடவியல், தொல்லியல் மாணவர்களைக் கொண்டதுதான். அன்று அவர்கள் அனுபவமில்லாத இளைஞர்கள். பிறகு அந்தக் குழுவைப் பல நாடுகள் உதவிக்கு அழைத்தன.

சரி, அந்தத் தேர்ச்சியை எங்கே பெறுவது? இதைப் பெற்றோர் மட்டுமல்ல, மாணவரும் யோசிப்பதில்லை. உலகின் மருத்துவ பீடங்களில் பாடத்துக்கு வைத்திருந்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு, 1985இல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை இந்தியாவிலிருந்து போனவை. பெயர் இல்லை, வயது இல்லை. அவற்றை வைத்து எலும்பின் பெயர்களைக் கற்கலாம். ஆனால் "இவருக்கு வயது நாற்பது" என்று நீங்கள் சொன்னது சரியா பிழையா என்று சரிபார்க்க வழியே இல்லை.

போர்த்துக்கலின் கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் இருக்கும் 505 எலும்புக்கூடுகள் அப்படியல்ல. யார், ஆணா பெண்ணா, எத்தனை வயதில் இறந்தார், என்ன தொழில், என்ன காரணம் என்று பதிவேடு இருக்கிறது. மாணவர் இடுப்பென்பின் முன்மூட்டைப் பார்த்துத் தன் கணிப்பை எழுதுவார். பிறகு பதிவேட்டைத் திறப்பார். நாற்பது என்று எழுதியவருக்கு அங்கே 58 என்று இருக்கலாம். ஏன் தவறியது என்று திரும்ப எலும்பிடம் போவதில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் இப்படிப் பதிவுள்ள 3,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் உள்ளன. அந்தத் தொகுப்பைத் திரட்டிய டொட், இடுப்பென்பின் அதே முன்மூட்டிலிருந்து வயதைக் கணிக்கும் முறையை 1920இல் வெளியிட்டார். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் டெரி தொகுப்பில் 1,728 பேர். அதையும் போரில் இறந்த வீரர்களின் எலும்புகளையும் வைத்தே 1952இல் உயரத்தைக் கணிக்கும் புகழ்பெற்ற சூத்திரங்கள் வந்தன.

இந்தச் சூத்திரங்களுக்கு அடிப்படையானவை எல்லாம் அமெரிக்க உடல்கள். மூதூரில் பிறந்து வளர்ந்த ஒருவரின் தொடையென்பை அதே சூத்திரத்தில் போட்டால் உயரம் பிழைக்கக்கூடும். தாய்லாந்து இதை உணர்ந்து சியங் மாயிலும் கோன் கென்னிலும் தன் மக்களின் தொகுப்புகளை உருவாக்கிக்கொண்டது. நம் நாட்டில் இந்தத் துறையில் செய்ய வேண்டியது ஏராளம். 2018இல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வந்தன. காலத்தைக் கணிக்க மாதிரிகள் புளோரிடாவுக்குப் போயின. யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழியில் 2025இல் 200க்கும் அதிகம். அதே ஆண்டு நம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலும் கண்ணிவெடி அகற்றும்போது எலும்புகள் தென்பட்டன. "செத்தவர்களின் எலும்பு" என்கிறீர்கள், அம்மா. இன்னும் பதில் கிடைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மகளின் வேலை அவர்களுக்கானது. இதில் தீட்டு எதையும் நான் காணவில்லை.

ஒன்றை மகளிடமே நேராகச் சொல்லுங்கள். அந்தப் பழைய அமெரிக்கத் தொகுப்புகளில் பெரும்பாலானவை உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இப்போது அமெரிக்காவின் டென்னசியிலும் சியங் மாயிலும் உடல் தானம் செய்தவர்களிடமிருந்து பெறுகிறார்கள். இந்த வேறுபாடு உறுத்தாத பிள்ளை இந்தத் துறைக்கு வரக்கூடாது என்பது என் கருத்து.

இனி படிப்பு. விஞ்ஞானத்தில் பிள்ளை கெட்டி என்றால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவ பீட இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு இன்னும் 5 வீதம்; திருகோணமலை அதில் ஒன்று. மருத்துவம் முடித்தபின் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சட்ட மருத்துவம். இது நீண்ட பாதை, அவசரப்படுத்த முடியாது. பேராதனையில் பல் மருத்துவமும் நல்ல வழி, பற்கள் எரிந்த உடலிலும் மிஞ்சும். வரலாற்றில் நாட்டம் கூடியவள் என்றால் கலைப் பிரிவு வழியாக யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ தொல்லியல். எதுவானாலும் முதுமாணிக்கு ஸ்கொட்லாந்தின் டண்டி போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக இன்றிலிருந்தே ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் கைவசம் வேண்டும்.

பாடசாலையில் உயர்தரப் பிரிவுத் தெரிவு முடிவதற்குள், மகளின் விஞ்ஞான, கணித, வரலாற்றுப் பெறுபேறுகளோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.