முகத்துக்கு லேசர்: நம் தோலுக்கு எது ஒத்துவரும்?

கேள்வி: எனக்கு 53 வயது. உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம், 25 வருசமாக வெயில்தான். கண்ணோரம் சுருக்கம், இரண்டு கன்னத்திலும் மங்கு. தை மாதம் மகன் கல்யாணம். மதுரையில் ஓரிடத்தில் சிஓ2 லேசர் ஒரே தடவை வைத்தால் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும், இன்றே முன்பணம் கட்டினால் சலுகை என்றார்கள். இன்னோர் இடத்தில் மெதுவான லேசர், நாலு தடவை வரவேண்டும் என்கிறார்கள். எதற்குப் போகலாம் டாக்டர்?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள் அம்மா. தைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை, அதற்குள் எந்த லேசரும் வேண்டாம்.

சிஓ2 லேசர் மோசமானது என்று சொல்லவரவில்லை. அதன் ஒளியின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், தோலில் இருக்கும் தண்ணீர் அதை உறிஞ்சி ஆவியாகும்போது மேல்தோலும் சேர்ந்து போய்விடும், அடியில் இறங்கிய சூட்டால் அடுத்த சில மாதங்களில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகிச் சுருக்கம் குறையும். இப்போது பெரும்பாலும் ஃப்ராக்‌ஷனல் முறைதான், அதாவது ஊசிமுனை அளவு புள்ளிகளாகச் சுட்டு நடுநடுவே நல்ல தோலை விட்டுவிடுவார்கள், அதனால் சீக்கிரம் ஆறும். அப்படியும் ஒரு வாரம் போல முகம் சிவந்து, பொருக்குத் தட்டி உரியும்.

நம் ஊர்த் தோலுக்குச் சிக்கல் ஆறிய பிறகுதான் வரும். கொசு கடித்த இடமும் தோசைக்கல் சுட்ட இடமும் எத்தனை மாதம் கறுப்பாக நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். தோல் நிறத்தை நாங்கள் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை 6 வகையாகப் பிரிப்போம், நம்மில் பெரும்பாலோர் 4 அல்லது 5. இந்தத் தோலில் கறுப்பு நிறம் தரும் மெலனின் அதிகம், சூடு பட்டால் கறுக்கும். அதிலும் மங்கு இருக்கிற கன்னத்தில் பலமான லேசர் வைத்தால் மங்கு இன்னும் அடர்ந்து போகலாம். சுருக்கம் குறைந்து கறுப்பு கூடிய முகத்தோடு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் மங்கைக் கவனியுங்கள். எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருவது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும். பூப்பறிப்பு விடியுமுன் முடிந்துவிடும், சரி. களையெடுப்பு, மருந்தடிப்பையும் சாயங்காலத்துக்குத் தள்ளப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகு க்ரீம் எதையாவது பூசி வந்தீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்திருக்கும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டினாலே இதற்கு வழி சொல்வார்கள்.

மங்கு அடங்கிய பிறகு, அந்த மெதுவான லேசருக்குப் போகலாம். 1,550 நானோமீட்டர் வகை மேல்தோலைப் பிய்க்காமல் அடியில் மட்டும் வேலை செய்யும், இரண்டு மூன்று நாள் சிவப்பு, மாதம் ஒருமுறையாக 3 முதல் 5 தடவை. பலன் மெல்லத்தான் தெரியும். இதிலும் கறுக்கும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆகவே காதோரம் சின்ன இடத்தில் வைத்துச் சில வாரம் பார்த்துவிட்டு முகத்துக்கு வரச் சொல்லுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தொடங்காமல் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். லேசரைப் பிடிக்கப்போவது தோல் டாக்டரா, உதவியாளரா என்று நேராகக் கேளுங்கள். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், லேசர் சூட்டில் அது முகமெங்கும் பரவலாம், தடுக்க மாத்திரை உண்டு. அப்புறம், தொங்கிய கன்னத்தை லேசர் பெரிதாகத் தூக்கிவிடாது. ஏதாவது ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, அது என்னவென்று தெரியாமல் அதன்மேல் லேசர் வைக்கவே கூடாது.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன், வயது 41. முகம் பளிச்சென்று ஆகும் என்று ஐ.பி.எல். லேசர் வைத்தார்கள். இப்போது கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கறுத்திருக்கிறது. போகுமா?

பதில்: ஐ.பி.எல். லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளீர் வெளிச்சம் அது, நம் தோலின் மெலனின் அதை அள்ளி வாங்கிக்கொள்ளும், கருவியின் முகப்பு பட்ட அச்சுதான் அந்தக் கட்டங்கள். மேலோட்டமான கறுப்பு என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். எலுமிச்சை, மஞ்சள் என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், சன்ஸ்க்ரீனை விடாதீர்கள். இதைச் சரிசெய்ய இன்னொரு லேசர் வைக்கலாம் என்று அவர்களே கூப்பிட்டால் போகாதீர்கள், வேறொரு தோல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.