முயலுக்கு எத்தனை கால்?

வணக்கம்.

உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் இரண்டு பருவங்களாக மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். என்னுடையது பாலிமர் கட்டை (குழலைத் தாங்கும் உடல்பகுதி) போட்ட, .308 அளவுத் தோட்டா சுடும் ரைஃபிள். சுடுதளத்தில் மேசைமீது மணல்மூட்டை வைத்துச் சுட்டால் 100 மீட்டரில் மூன்று தோட்டாக்களும் 3 செ.மீ. வட்டத்துக்குள் விழுகின்றன. காட்டில் அந்தக் கை எங்கோ போய்விடுகிறது. சென்ற பருவத்தில் 150 மீட்டரில் அசையாமல் நின்ற மானைத் தவறவிட்டேன். பைபாட் (துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால்) வாங்கலாம் என்று நினைத்து, ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிச் சிமென்ட் தரையில் படுத்துச் சுட்டுப் பார்த்தேன். தோட்டாக்கள் வழக்கமான இடத்திலிருந்து 6 செ.மீ. மேலேயும் சற்று இடப்பக்கமாகவும் விழுந்தன. பைபாட் பழுதா? வாங்குவதானால் 6–9 அங்குல உயரமா, 9–13 அங்குல உயரமா? இன்னொரு நண்பர் முக்காலியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

இரவல் பைபாட் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றித் தனியே வையுங்கள். பைபாடை மாட்டி, சுடுவதற்குப் படுப்பதுபோலவே படுத்து, தோளால் முன்னோக்கி அழுத்துங்கள். அப்போது பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு சாதாரணத் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்பக்கமாக இழுத்துவரட்டும். தாள் தடையில்லாமல் வர வேண்டும். உங்கள் துப்பாக்கியில் பாதி வழியில் நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் கட்டை. மலிவான பாலிமர் கட்டைகளின் முன்பகுதி கட்டைவிரலால் அழுத்தினாலே வளையும். மணல்மூட்டை முன்கட்டையின் நடுவில் அகலமாகத் தாங்குவதால் அது வெளியே தெரிவதில்லை. பைபாடோ வார் மாட்டும் குமிழில், கட்டையின் நுனியில் போய் உட்காருகிறது. அங்கே கொடுக்கும் அழுத்தத்தில் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடுகிறது. எதையும் தொடாமல் அதிரவேண்டிய குழல் ஓரிடத்தில் முட்டினால் தோட்டா வேறு இடத்துக்குப் போகும். சிமென்ட் தரையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும். கெட்டியான தரையில் பைபாடின் கால்கள் உதைப்பில் துள்ளும். அடுத்த முறை மண்தரையில் சுடுங்கள். அது கிடைக்காவிட்டால் கால்களுக்கு அடியில் ஒரு பழைய சாக்கையாவது விரியுங்கள். தாள் நின்றால் கட்டையின் உள்பள்ளத்தைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கலாம், அல்லது விறைப்பான கட்டைக்கு மாறலாம். பைபாடுக்கு ஒதுக்கிய பணம் முதலில் அங்கே போகட்டும்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம். அந்த மானை எப்படிச் சுட்டீர்கள்? நின்றா, உட்கார்ந்தா, படுத்தா? தூரத்தை எழுதியிருக்கிறீர்கள், தோட்டா அளவை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் உடம்பு எங்கே இருந்தது என்பதைக் காணோம். நின்றபடி, எதிலும் சாயாமல் சுட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 செ.மீ. வட்டம். உங்கள் துப்பாக்கி 150 மீட்டரில் 4.5 செ.மீ. வட்டத்தில் சுடும். ஆக, துப்பாக்கிமேல் குற்றமில்லை. நின்றபடி ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) பாருங்கள்: குறுக்குக்கோடு அந்த 20 செ.மீ. வட்டத்துக்குள் நுழைந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை நிறுத்தத்தான் தாங்கி. நிற்கும்போது 6–9 அங்குலப் பைபாட் முன்கட்டையின் நுனியில் தொங்கும் முந்நூறு, நானூறு கிராம் சுமை, அவ்வளவுதான்.

என் முதல் பைபாட் 6–9 அங்குலம். கடைக்காரர் அதுதான் மிக உறுதியானது என்றார், பொய்யில்லை. முதல் நாளே முழங்கால் உயரப் புல்லில் படுத்தேன். ஸ்கோப் முழுக்கப் பச்சை. எழுந்து உட்கார்ந்தபோது மான் நின்ற இடம் காலியாக இருந்தது. இன்னொரு நாள் புல் இல்லாத இடமாகப் பார்த்துப் படுத்தேன். ஸ்கோப்பில் மான் நன்றாகத் தெரிந்தது. சுட்டதும் முகத்தில் மண். ஸ்கோப் குழலுக்கு 4, 5 செ.மீ. மேலே இருக்கிறது; என் கண்ணுக்கு முன்னால் வழி திறந்திருந்தது, குழலுக்கு முன்னால் சிறிய மண்மேடு இருந்தது. தோட்டா அதைச் சீவிக்கொண்டு போயிருக்கிறது. தாழ்வாகப் படுப்பவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, குழலின் நேருக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே படுத்துச் சுடப் பைபாட் வாங்குவதானால் 9–13. மேடுபள்ளமான நிலத்தில் அந்தக் கூடுதல் உயரம் தேவைப்படும். 13.5–27 அங்குலத்தில் உட்கார்ந்து சுடும் வகையும் உண்டு. முழுவதும் நீட்டினால் ஆட்டம் காணும், சுமக்கவும் அசௌகரியம். எதை வாங்கினாலும் பக்கவாட்டில் சாயும் வகையாகப் பாருங்கள். காட்டில் சமதரை கிடைப்பதில்லை, துப்பாக்கி சாய்ந்தால் தோட்டாவும் சாய்ந்த பக்கம் இறங்கும். 100 மீட்டரில் பொருட்படுத்த வேண்டியதில்லை, 300ஐத் தாண்டினால் உறைக்கும். ஹாரிஸ் போன்ற நிறுவனங்களின் பைபாடுகளில், கால்களில் பள்ளம் வெட்டிய வகை உண்டு. பள்ளத்தில் விழுந்து நிற்பதால் இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் வைப்பது எளிது. ஆனால் ஸ்பிரிங் வைத்த கால் விரியும்போது எழும் ‘கிளிக்’ சத்தம் அமைதியான காலை வேளையில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை, தலையை நிமிர்த்திய ஒரு மான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கையால் பிடித்து மெதுவாக விரியுங்கள்.

ஒன்றை யாரும் சொல்வதில்லை: பைபாட் தாங்குவது முன்பக்கத்தை மட்டும். ஆட்டத்தில் பாதி பின்பக்கத்தில் இருக்கிறது. பின்கட்டைக்கு அடியில் இடது கையை முஷ்டியாக வைத்து, இறுக்கினால் குறுக்குக்கோடு கீழே வரும், தளர்த்தினால் மேலே போகும். மணல் நிரப்பி முடிச்சுப் போட்ட பழைய காலுறை இன்னும் நல்லது. விற்பதற்கென்று அழகான பைகள் இருக்கின்றன. என் காலுறை பத்து ஆண்டுகளாகக் கிழியவில்லை.

முக்காலி நண்பருக்கு வருவோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் முக்காலி உண்மையிலேயே உறுதியானதுதான். மரத்தடியிலோ மறைவிடத்திலோ மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நடந்து தேடுபவருக்கு அது இரண்டு கிலோ சுமை. விரிப்பதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும்.

நீங்கள் நடப்பவர் என்றால் நான் சொல்வது குச்சிகளை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மஸ்கெட் வீரர்கள் கனமான துப்பாக்கியைக் கவைக்கோலில் தாங்கிச் சுட்டார்கள். 1870களில் அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமை சுட்டவர்கள் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, உட்கார்ந்து சுட்டார்கள். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு உறுதியான குச்சிகள், மேலிருந்து ஒரு சாண் விட்டு சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிய கட்டு, வேலை முடிந்தது. அகலக் கால் வைக்காதே என்பது கடனுக்குச் சொன்னது. இங்கே கால்களை அகலமாக வைத்தால் உயரம் குறையும், உறுதி கூடும். கவையையும் முன்கட்டையையும் சேர்த்து இடது கையால் பிடியுங்கள். உட்காரும்போது முழங்கை முனையை முழங்கால் சில்லின்மேல் வைக்காதீர்கள். எலும்பின்மேல் எலும்பு உருளும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள சதை முழங்காலின் உட்புறத்தில் படியட்டும். நின்று சுட வேண்டுமானால் ஆள் உயரத்துக்கு மூன்று குச்சிகள். முன், பின் இரண்டு இடத்திலும் தாங்கும் நான்கு குச்சிக்காரர்கள் இருக்கிறார்கள். கல் மாதிரி நிற்கும், ஆனால் மான் நான்கு அடி நகர்ந்தால் எல்லாவற்றையும் தூக்கி மறுபடி வைக்க வேண்டும்.

முதுகுப்பையை மறக்காதீர்கள். அது எப்படியும் கூடவே வருகிறது. பாறைமேல் பையை வைத்து, அதன்மேல் முன்கட்டையை வையுங்கள். குழலை மட்டும் எதன்மேலும் வைக்காதீர்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள். காலித் துப்பாக்கி, பாதுகாப்பான திசை, கையில் குச்சி. நின்ற நிலையிலிருந்து உட்கார்ந்து, குறுக்குக்கோடு ஒரு புள்ளியில் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். எனக்கு முதலில் பதினைந்து ஆனது. ஏழுக்கு வந்த பிறகு சுடுதளத்துக்குப் போய், மேசையை விட்டுவிட்டு, வேட்டையில் எதன்மேல் வைத்துச் சுடுவீர்களோ அதன்மேல் வைத்தே குறியைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தாள். எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள்.