தெஷிமா: காற்றையும் மழையையும் உள்ளே விட்ட அருங்காட்சியகம்

கட்டடமும் இயற்கையும் ஒன்றோடொன்று இயைந்த தீவு அருங்காட்சியகம் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம், போனால் அங்கே என்னதான் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள தெஷிமா தீவுக்குப் போங்கள் என்பேன். அருகிலுள்ள நவோஷிமா தீவுதான் அதிகம் பெயர் பெற்றது என்பது உண்மை. ததாவோ ஆந்தோ வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட சிச்சு கலை அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அதன் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருந்தாலும், பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்கிறோம். மேகம் சூரியனை மறைக்கும்போது ஓவியத்தின் நிறமும் சற்றே மாறிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனாலும் அங்கே இயற்கை, கட்டடக் கலைஞர் திறந்துவைத்த வழியாக, அவர் விரும்பிய அளவுக்கே உள்ளே வருகிறது. தெஷிமாவில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள்.

தெஷிமா கலை அருங்காட்சியகம் 2010-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் ரியூவே நிஷிசாவா; உள்ளே இருக்கும் ஒரே படைப்பு ரெய் நைத்தோ என்னும் கலைஞருடையது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கான்கிரீட் கூட்டைத் தாங்க ஒரு தூண்கூட இல்லை. கூட்டின் தடிமன் 25 சென்டிமீட்டர்தான். முதலில் மண்ணைக் குவித்து, அதன் மேற்பரப்பை வேண்டிய வளைவுக்குச் செதுக்கி, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பின் அடியிலிருந்த மண்ணை எடுத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதன் வளைவு குன்றின் சரிவோடு இயைந்து தெரிவதற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நுழைவுச்சீட்டு வாங்கியதும் நேராக உள்ளே போய்விட முடியாது. கடலைப் பார்த்தபடி மரங்களுக்கிடையே குன்றைச் சுற்றிச் செல்லும் பாதையில் நடந்துதான் வாசலை அடைய வேண்டும். அங்கே காலணிகளைக் கழற்றிவிட்டு, பேசாமல் உள்ளே செல்ல வேண்டும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. கூரையில் இரண்டு பெரிய நீள்வட்டத் திறப்புகள் இருக்கின்றன. அவற்றில் கண்ணாடி கிடையாது என்பதால் வெயில், மழை, காற்று, சருகு, பூச்சி எல்லாமே தடையின்றி உள்ளே வருகின்றன.

முதல் சில நிமிடங்கள் அங்கே பார்க்க எதுவுமே இல்லாததுபோல் தோன்றும். பிறகுதான் கண் தரைக்கு இறங்குகிறது. தரையிலுள்ள மிக நுண்ணிய துளைகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக ஊறி வருகிறது. ஒட்டாத பரப்பு என்பதால் சேம்பிலையில் நிற்பதுபோல அது முத்தாகவே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவை உணர்ந்து மெல்ல நகர்கிறது. இன்னொரு துளியைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்து நீண்டு, திடீரென வேகமெடுத்து ஓடி ஒரு சிறு குட்டையில் கலக்கின்றன. நான் ஒரு துளியைப் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் திறப்பு வழியாக வந்த காற்று அதைத் திசை திருப்பியது. அது நின்றது, நடுங்கியது, பின் வேறு வழியில் போய்விட்டது. திறப்பிலிருந்து தொங்கும் மெல்லிய இழையும் அதே காற்றில் அசைந்தது. காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அவ்வளவு துல்லியமாகக் கண்ணால் பார்க்க முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. இயற்கைக் காட்சியைச் சன்னல் வழியே காட்டும் கட்டடங்கள் ஏராளம். இயற்கையின் வேலையையே காட்சிப்பொருளாக வைத்திருப்பதால்தான் இதை முதலில் பரிந்துரைக்கிறேன்.

அந்தத் தீவின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை தெஷிமாவின் மேற்கு முனையில் தொழிற்சாலைக் கழிவுகள் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டன. தீவு மக்கள் நெடுங்காலம் போராடி, 2000-இல் ககாவா மாகாண நிர்வாகத்துடன் உடன்பாடு கண்டார்கள். அதன்பின் 9,00,000 டன்னுக்கும் அதிகமான கழிவும் மாசுபட்ட மண்ணும் கப்பலில் நவோஷிமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டன. 2017 வரை அந்தப் பணி நீடித்தது. அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள படிக்கட்டு வயல்களும் கைவிடப்பட்டுக் கிடந்தவை. ஊர்மக்களின் ஒத்துழைப்போடு அவற்றைத் திருத்தி மீண்டும் நெல் விளைவித்திருக்கிறார்கள். மண்ணுக்காகவும் நீருக்காகவும் இவ்வளவு பாடுபட்ட ஊரில் ஒரு துளி நீரைக் குனிந்து பார்க்கிறோம் என்ற நினைவு, அந்தக் கூட்டுக்குள் இருந்த நேரம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

உனோ, தகமத்சு ஆகிய துறைமுகங்களிலிருந்து படகில் போகலாம். தீவுக்குள் பேருந்துகள் குறைவு. மேடு பள்ளமான சாலை என்பதால் மின்விசை உதவியுள்ள மிதிவண்டியை வாடகைக்கு எடுப்பதே வசதி. வாராந்திர விடுமுறை தீவுக்குத் தீவு வேறுபடும் என்பதால், திறந்திருக்கும் நாளையும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் பார்த்துக்கொண்டு, இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். லேசான மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் பயணத்தை மாற்றிவிடாதீர்கள். அந்தக் கட்டடத்தில் மழைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.