உதட்டிலும் சிரிப்புக் கோட்டிலும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டபின் என்னென்ன கவனிக்க வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பகலில் ஊசி போட்டுக்கொண்டு அன்றிரவே மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து ஊர் திரும்பலாமா, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, ஐந்து வாரத்தில் கல்யாணம், நலங்குக்குள் முகம் சரியாகிவிடுமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் ‘பெரும்பாலும் ஆகிவிடும்’. முதல் கேள்விக்குப் பதில், தயவுசெய்து அன்றிரவு ரயில் ஏறாதீர்கள். ஐஸ், தலையணை, க்ரீம் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பதால் இதையே முதலில் விளக்குகிறேன்.

ஃபில்லர் என்பது உதட்டைத் தடிப்பாக்கவும், சிரிப்புக் கோடு (மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு) போன்ற பள்ளத்தை நிரப்பவும் தோலுக்கடியில் ஊசியால் போடும் பொருள். இப்போது போடப்படும் ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலுரானிக் அமில ஜெல். ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி, அதாவது டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. வலி தெரியாமல் இருக்க அதிலேயே லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தும் கலந்து வரும். முகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி வாயோரத்தைத் தொட்டு, சிரிப்புக் கோட்டை ஒட்டியே மூக்குப் பக்கம் ஏறுகிறது. உதட்டுக்குள் ஓடுவது அதன் கிளைதான். நீங்கள் ஊசி போடப்போகும் இரண்டு இடமும் அந்த வழியில்தான் இருக்கின்றன. ஜெல் தமனிக்குள் போய்விட்டாலோ வெளியிலிருந்து அதை நெருக்கினாலோ, அதற்கு அப்பால் இருக்கும் தோலுக்கு ரத்தம் போகாது. அபூர்வமாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் மணிக்கணக்கில் கவனித்தாக வேண்டும். ஊசி போட்ட உடனேயே தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மரப்பு விடும்வரை வலி அடங்கியே இருக்கும். சில மணி நேரம் கழித்து, நீங்கள் விழுப்புரம் தாண்டி மேல் பர்த்தில் கண்ணயர்ந்திருக்கும்போது அது தலைகாட்டலாம்.

சாதாரண வீக்கத்தையும் இந்த அடைப்பையும் பிரித்தறிய, நம் நிறத்துத் தோலில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைத் தோலில் பளிச்சென்று வெளுக்கும். மாநிறத்தில் அது சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத்தான் தெரியும். அதனால் டியூப் லைட்டை நம்பாமல் பகலில் ஜன்னலோரம் நின்று, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் புரட்டிப் பாருங்கள், அங்கே வெளுப்பு மறையாது. பிறகு அழுத்திப் பார்க்கும் சோதனை: விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தால், அந்த இடத்துக்குப் பழைய நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். நான்கு ஐந்து விநாடி ஆகிறது, மறுபக்கத்தைவிடத் தெளிவாகத் தாமதமாகிறது என்றால் அது எச்சரிக்கை. இந்தச் சோதனையை ஐஸ் வைப்பதற்கு முன்பே செய்யுங்கள். ஐஸே தோலை வெளுக்க வைத்துக் குழப்பிவிடும். முதல் நாள் தூங்கப்போகும்வரை மணிக்கொரு முறையும், மறுநாள் நாலைந்து முறையும் பார்த்தால் போதும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. போட்ட இடத்துக்குப் பொருந்தாத வலி, அதுவும் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி. வலைப்பின்னல் விரித்தது போல ஊதாநிறக் கோடுகள். உதட்டில் போட்டிருக்க, மூக்கு நுனியோ கன்னமோ நிறம் மாறுவது. மூன்றாம் நாள் வாக்கில் அதே இடத்தில் கொத்தாக வெள்ளைக் கொப்புளங்கள் கிளம்பினால் பலர் பரு என்று நினைத்துப் பரு க்ரீம் தடவுகிறார்கள், சிலர் அக்கி என்கிறார்கள். இந்த இடத்தில்தான் விலைமதிப்பில்லாத நேரம் வீணாகிறது. அது தோல் அழுகத் தொடங்குவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இப்படி எதைப் பார்த்தாலும் ஐஸை உடனே எடுத்துவிடுங்கள், குளிர்ச்சி ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். ஊசி போட்ட டாக்டரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வாட்ஸாப்பில் படம் அனுப்பிவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். கிளம்பிப் போகும் வழியில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் வைக்கலாம். இதற்கு மருந்து ஹயலுரானிடேஸ் என்ற ஊசி, ஜெல்லைக் கரைத்துவிடும். நம் ஊரில் அது பெரும்பாலும் 1500 யூனிட் குப்பியாகக் கிடைக்கிறது. அடைப்புக்கு ஒரு பகுதிக்கு 500 யூனிட் என்ற கணக்கில், ரத்த ஓட்டம் திரும்பும்வரை மணிக்கொரு முறை போடும் முறையைத்தான் பல டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். ஆக, ஒரு குப்பி போதாமல் போகலாம். குளவியோ தேனீயோ கொட்டி எப்போதாவது உடம்பு முழுக்கத் தடித்திருந்தால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மருந்தும் ஒவ்வாமல் போக வாய்ப்பு இருக்கிறது.

பார்வை மங்கினாலோ, ஒரு கண் திடீரென்று இருண்டாலோ, ஒரு பக்கம் கை கால் பலமிழந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு திணறினாலும் அப்படியே. கண்ணுக்குள் போகும் ரத்தம் நின்றால் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு என்றே டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வேதாரண்யம், முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இன்னும் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றாலும், உங்களுக்கு எந்த ஃபில்லர், எவ்வளவு, எந்த இடத்தில் போட்டார்கள் என்று பணியில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே சென்னையில்தான் போடுவது என்றால் சொந்தக்காரர் வீட்டிலாவது இரண்டு இரவு தங்குங்கள். அதைவிட நல்லது, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தகுதியுள்ள தோல் டாக்டரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ தேடுவது. பக்கத்தில் இருக்கும் நல்ல டாக்டர் தூரத்தில் இருக்கும் பிரபலத்தைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம். பியூட்டி பார்லரில் வேண்டவே வேண்டாம். ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் ஜெல்லைப் பாய்ச்சும் ‘பேனா’ என்று சொன்னாலும் வேண்டாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021லேயே அதைப் பற்றி எச்சரித்துவிட்டது.

போடுவதற்கு முன் கேட்க வேண்டியது: ஹயலுரானிடேஸ் இங்கேயே இருப்பில் இருக்கிறதா, எத்தனை குப்பி, ராத்திரியில் எடுக்கும் கைபேசி எண் எது. போட்டபின் வாங்க வேண்டியது: ஃபில்லர் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கும் ஸ்டிக்கர், எந்த இடத்தில் எத்தனை மில்லி என்று எழுதிய சீட்டு. அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருந்து, டாக்டர் மறுபடி பார்த்த பிறகு கிளம்புங்கள்.

இனி வழக்கமான விஷயங்கள். உதடு நிச்சயம் வீங்கும். மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், பொதுவாக முதல் இரண்டு நாளில்தான் உச்சம். மூன்றாம் நாளிலிருந்து வடியும், இரண்டு வாரத்தில் உண்மையான வடிவம் தெரியும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் வீங்குவது சகஜம், அதனால் இரண்டு வாரத்துக்கு முன் ‘இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள். கன்றிப்போன இடம் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி ஏழிலிருந்து பத்து நாளில் மறையும், சிலருக்கு இரண்டு வாரம்.

ஊசித்துளைகள் மூட முதல் 24 மணி நேரம் விடுங்கள். அதுவரை பவுடர், லிப்ஸ்டிக், மஞ்சள், வேப்பிலை அரைத்தது எதுவும் வேண்டாம். மஞ்சள் கிருமிநாசினி என்ற நம்பிக்கையில் கஸ்தூரி மஞ்சளை அப்புகிறவர்கள் உண்டு. கடையில் வாங்கிய பொடி கிருமி நீக்கியது அல்ல, திறந்த துளையில் அது போகக் கூடாது. முகத்தை மறுநாள் கொதித்து ஆறிய தண்ணீரில் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி, அழுத்தாமல் பத்து நிமிடம், பிறகு நல்ல இடைவெளி. இரண்டு தலையணை வைத்து மல்லாந்து இரண்டு இரவு தூங்குங்கள். பாயில் குப்புறப் படுத்தே பழகியவர்கள் இரண்டு பக்கமும் தலையணையை அண்டக்கொடுத்துக்கொள்ளலாம்.

உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு டிகிரி காபி வேண்டாம். சூடு தெரியாது, வெந்துபோகும். பல்லால் கடித்துக்கொண்டாலும் தெரியாது. அன்று ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பதையும் விடுங்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். காரமும் உப்பும் குறைத்து, கருவாடு, ஊறுகாயை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். வெற்றிலை சீவலும் அப்படித்தான்.

சூடு ரத்தக் குழாயை விரித்து வீக்கத்தையும் கன்றலையும் கூட்டும். நம் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. விறகடுப்பு முன் உட்காருவது, இட்லிக் கொப்பரையைத் திறந்து முகத்தில் ஆவி வாங்குவது, சளிக்கு ஆவி பிடிப்பது, கத்திரி வெயிலில் களத்தில் நிற்பது எல்லாம் குறைந்தது இரண்டு நாள், ஆவி பிடிப்பது மட்டும் இரண்டு வாரம் வேண்டாம். ஊதுகுழலில் அடுப்பு ஊதுவது உதட்டைக் குவித்து அழுத்தும் வேலை, அதுவும் கூடாது. நாகஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர் என்றால் வீக்கம் முழுக்க வடியும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், கச்சேரி ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஆற்றிலும் கோயில் குளத்திலும் முழுகுவதை ஒரு வாரம் விடுங்கள். ஆடிப்பெருக்கோ துலா ஸ்நானமோ குறுக்கே வந்தால் ஊசித் தேதியைத்தான் மாற்ற வேண்டும். குனிந்து பெரிய கோலம் போடுவது, நடவு, ஜிம், ஓட்டம் ஆகியவற்றுக்கு இரண்டு நாள் விடுமுறை.

முழு முக ஹெல்மெட் கன்னத்தை இறுக்கும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் போகாதீர்கள், அந்த இரண்டு நாளும் வண்டியையே எடுக்காதீர்கள்.

வலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் கன்றலைக் கூட்டக்கூடும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ கொடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தவே கூடாது, அந்த டாக்டர் சொன்னால்தான். உதட்டில் அடிக்கடி சின்னக் கொப்புளமாக ஹெர்பிஸ் வருகிறவர் என்றால் முன்பே சொல்லுங்கள், வைரஸ் மாத்திரை முன்கூட்டியே கொடுப்பார்கள்.

கையால் பிசைந்து விடாதீர்கள். தொட்டால் கடுகு, மிளகு அளவில் உருண்டை தட்டுப்படுவது இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். ‘ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்து முறை, ஐந்து நாள்’ தேய்க்க வேண்டும் என்று எங்காவது பார்த்திருப்பீர்கள். அது பாலி எல் லாக்டிக் அமிலம் என்ற வேறு பொருளுக்கான விதி. அந்தப் பொருளையும் கால்சியம் சேர்ந்த ஃபில்லரையும் ஹயலுரானிடேஸ் கரைக்காது. ஸ்டிக்கரை வாங்கிவைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் முறை, அதுவும் உதட்டுக்கு, கரைக்கக்கூடியதையே கேளுங்கள்.

உங்கள் ஐந்து வாரக் கணக்கு: முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனதும் டாக்டரிடம் காட்டி, ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் அப்போதே செய்துகொண்டால், அந்த வீக்கமும் வடிய இரண்டு வாரமாவது கிடைக்கும். ஃபேஷியல், ப்ளீச், உதட்டுக்கு மேல் த்ரெட்டிங் எல்லாம் ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து. பல் சுத்தம் செய்வதோ வேர் சிகிச்சையோ பாக்கி இருந்தால் ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். பல்லிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி ஜெல்லில் தங்கிவிடலாம். உங்களுக்கு நேரம் குறைவு என்பதால், சொத்தைப் பல் இப்போதே வலிக்கிறது என்றால் பல்லைக் கவனித்துவிட்டு ஃபில்லரைத் தள்ளிப்போடுங்கள். தடுப்பூசிக்கும் இரண்டு வாரம் இடைவெளி வைப்பது நல்லது. நலங்கில் மஞ்சள் பூசும்போது ஊசித்துளை என்றோ மூடியிருக்கும், பயம் இல்லை. அத்தையும் சித்தியும் உதட்டோரத்தில் அழுத்தித் தேய்க்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் வடியாமல் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் முற்றும், அன்றே டாக்டரிடம் போங்கள். எல்லாம் சரியாகி மாதக்கணக்கு ஆன பிறகும், ஒரு ஜுரமோ பல் வீக்கமோ வந்தபின் ஃபில்லர் இடம் திடீரென்று கட்டியாக வீங்குவது உண்டு. ஹயலுரானிக் ஜெல் வருடக்கணக்கில் மிச்சம் இருக்கலாம். அப்போது பார்க்கிற டாக்டர் வேறு யாராகவாவது இருப்பார், உங்களுக்கு ஃபில்லர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கைபேசியிலும், சீட்டை மருத்துவ ஃபைலிலும் வைத்திருங்கள்.