கை எங்கே, தம்பி?

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமைகளில் குயவர், செருப்புத் தைப்பவர், உப்பளத் தொழிலாளர் என்று உழைக்கும் மனிதர்களைப் படம் எடுத்து வருகிறேன். கேமராவைப் பார்த்ததும் போஸ் கொடுத்துவிடுகிறார்கள், இயல்பு போய்விடுகிறது. அதனால் அவர்களுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுக்கிறேன். இது சரியா? கறுப்பு வெள்ளை நல்லதா, வண்ணமா? ஏழு படங்கள் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பி,

கறுப்பு வெள்ளையோ வண்ணமோ, உங்கள் விருப்பம். கேட்காமல் எடுப்பது சரியில்லை. அதில் பேச ஒன்றும் இல்லை.

உங்கள் படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செருப்புத் தைப்பவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. கை எங்கே? மணிக்கட்டோடு வெட்டிவிட்டீர்கள். முகத்தாலா அவர் செருப்புத் தைக்கிறார்? ஏழு படங்களில் ஐந்தில் இதே கதை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

என் அப்பா சென்னிமலையில் கைத்தறி நெய்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது காலண்டருக்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். வெளிச்சம் விழட்டும் என்று, தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். குழித்தறியில் கயிற்றை இழுத்தால் நாடா தானே பாயும். நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்து வேறு தார் மாற்றும்போதுதான் அதைக் கையில் எடுப்பார்கள். வந்தவருக்கு அது தெரியவில்லை. அப்பாவும் மரியாதைக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். காலண்டர் வந்தது. பக்கத்துத் தறிக்காரர், "என்னப்பா, தார் தீந்த நேரத்துலயா போட்டோ எடுத்தாங்க?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் காலண்டரைத் தறிக்கூடத்தில் மாட்ட விடவே இல்லை. தன் வேலையைத் தப்பாகக் காட்டிவிட்டார்களே என்ற கூச்சம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

போஸ் கொடுத்தால் இயல்பு போய்விடும் என்கிறீர்கள். ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் என்று ஒருவர் இருந்தார். 1928-இல் அவர் எடுத்த கேக் செய்பவரின் படத்தைத் தேடிப் பாருங்கள். பருத்த மனிதர், வெள்ளை அங்கி, ஒரு கை பாத்திரத்தைப் பிடித்திருக்கிறது, மறுகை கலக்கும் கருவியில். கேமராவை நேராகப் பார்க்கிறார். முழுக்க முழுக்க போஸ்தான். ஆனால் பாத்திரத்தைப் பிடித்திருக்கும் பிடி அவருடையது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாண்டர் இளவயதில் சுரங்கத்தில் வேலை செய்தவர். வேலை என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்தவர். இப்படி எடுத்ததில் 60 படங்களை 1929-இல் புத்தகமாக்கினார். 1936-இல் நாஜி அரசு அதன் அச்சுத் தகடுகளை அழித்தது.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படம் எடுத்தபோது, தன் சட்டைப் பொத்தான்களை அளவாக வைத்து அவர்கள் உயரத்தைக் கணக்கிட்டார். பெயர், வயது, என்ன வேலை என்று குறித்துக்கொண்டார். உங்கள் ஏழு படங்களில் ஒன்றின் கீழாவது பெயர் உண்டா, தம்பி?

உங்களுக்குக் கண் இருக்கிறது. உப்பளத்துப் பெண்ணின் வெடித்த குதிகாலை எடுத்தீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு அந்தச் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். உங்கள் செருப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஊசி எங்கே குத்துகிறது, நூலை எந்த விரலில் சுற்றி இழுக்கிறார் என்று பாருங்கள். அதுவரை கேமரா பைக்குள் இருக்கட்டும். அப்புறம் கேட்டுவிட்டு எடுங்கள். முதல் பிரதியை அவரிடம் கொடுங்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.